வழிகாட்டியுடன் செல்லும் குழுச் சுற்றுலா: புறப்படும் முன் நீங்களே செய்ய வேண்டியவை

நீங்களும் உங்கள் தாயாரும் இதுவரை பார்த்திராத, மொழியும் தெரியாத ஒரு நாட்டுக்கு முதன்முறையாகக் குழுச் சுற்றுலாவில் செல்லவிருக்கிறீர்கள். விமானம், விடுதி, பேருந்து, உணவு, வழிகாட்டி எல்லாவற்றையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருப்பதால், தனியாக என்ன தயாரிப்பு தேவை என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய குழுக்களை அழைத்துச் செல்லும் பணியில் நெடுநாளாக இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எந்த நாடு என்று நீங்கள் குறிப்பிடாததால் பல நாடுகளிலிருந்து எடுத்துக்காட்டுகள் தருகிறேன். உங்கள் பயணத்துக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் ஏற்பாடு செய்வது எல்லோருக்கும் பொதுவானவற்றை மட்டுமே. முப்பது நாற்பது பேருக்கு ஒரே விமானம், ஒரே பேருந்து, ஒரே நேர அட்டவணை என்று அமைவது அது. உங்கள் கடவுச்சீட்டு, உங்கள் தாயாரின் முழங்கால், அவர் உட்கொள்ளும் மாத்திரை, உங்கள் கைப்பணம் ஆகியவற்றை வேறு எவரும் உங்களுக்காகப் பார்த்துக்கொள்ள முடியாது. ஒருவருக்கு உடல்நலம் குன்றினாலும் கடவுச்சீட்டு தொலைந்தாலும் குழு அட்டவணைப்படி அடுத்த ஊருக்குப் போய்விடும். போயே தீர வேண்டும், ஏனெனில் மற்றவர்களுக்கு அங்கே அறையும் நுழைவுச்சீட்டும் அன்றைய தேதிக்கே பதிவாகியிருக்கும். ஆகவே தயாரிப்பு முழுவதற்கும் நான் ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறேன்: குழுவை விட்டு ஒரு நாள் பிரிந்து நிற்க நேர்ந்தால், அந்த நாளைச் சமாளிக்கத் தேவையான ஆவணங்கள், மருந்து, பணம், முகவரி, தொலைபேசி எண்கள் உங்கள் கையில் இருக்குமா? கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே படியுங்கள்.

முதல் வேலை, நிறுவனம் கொடுத்த பயணத் திட்டத்தை வரிவரியாகப் படிப்பது. பெரும்பாலோர் அதிலுள்ள இடங்களின் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். "நாள் 4: ரோம் நகர உலா, கொலோசியம், ட்ரெவி நீரூற்று, பிற்பகல் வத்திக்கான், மாலை ஃபிளாரன்ஸ் புறப்பாடு" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொலோசியத்துக்கு நுழைவுச்சீட்டு எடுத்து உள்ளே அழைத்துச் செல்கிறார்களா, அல்லது வெளியே நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்களா என்பதை அந்த வரி சொல்லவில்லை. எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உள்ளே செல்வதானால், 2023 அக்டோபர் முதல் அங்கே நுழைவுச்சீட்டில் பார்வையாளரின் பெயர் இடம்பெறுவதால் அடையாள ஆவணம் கையில் இருக்க வேண்டும். வத்திக்கான் என்பது புனித பேதுரு பேராலயம் மட்டுமா, அருங்காட்சியகங்களும் சேர்த்தா என்று கேளுங்கள். சிஸ்டைன் சிற்றாலயம் அருங்காட்சியகங்களின் பாதையில்தான் இருக்கிறது. அந்த அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். தோளும் முழங்காலும் மறையும் உடை இல்லாதவரைப் பேராலயத்தின் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சிஸ்டைன் சிற்றாலயத்தினுள் பேசவும் படமெடுக்கவும் அனுமதி இல்லாததால், வழிகாட்டி அங்குள்ள ஓவியங்களைப் பற்றி முன்னதாகவே வெளியில் வைத்து விளக்கிவிடுவார். அந்த நேரத்தில் கவனம் சிதறினால் உள்ளே போய்க் கேட்க வழியில்லை. இவை அனைத்தும் முடிந்த பிறகு ஃபிளாரன்ஸுக்குப் பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அந்த ஒற்றை வரியிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது இவ்வளவு: அன்று கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், உடலை மறைக்கும் உடை வேண்டும், காலை முதல் மாலை வரை நிற்கவும் நடக்கவும் வேண்டும், இரவு உணவு தாமதமாகும். எல்லா நாள்களையும் இப்படிப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு மூன்று வரிக் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டால் தயாரிப்பில் பாதி முடிந்துவிடும்.

அதே தாளில் கிழமைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பெய்ஜிங்கின் அரண்மனை அருங்காட்சியகம் பொது விடுமுறைக் காலம் தவிர்த்த திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். அட்டவணையில் அந்த இடம் அந்தக் கிழமையில் விழுந்திருந்தால், இப்போதே கேட்டுத் திருத்தச் சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. விருப்பத்தின் பேரில் கூடுதல் கட்டணம் செலுத்திச் செல்லும் உலாக்கள் எவை, அவற்றுக்குச் செல்லாதவர்கள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்பதையும் கேளுங்கள். பின்னதைப் பலரும் கேட்பதில்லை. நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் விடுதியில் ஒரு முழுப் பிற்பகலைக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று அங்கே போன பிறகுதான் அவர்களுக்குத் தெரியவருகிறது.

குழுவில் உங்களோடு வருபவர் யார் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பயணம் முழுவதும் உடனிருந்து விடுதி, பேருந்து, உணவு ஆகியவற்றைக் கவனிக்கும் டூர் மேனேஜர் ஒருவர். ஒவ்வோர் ஊரிலும் சில மணி நேரம் மட்டும் வந்து அந்த இடத்தின் வரலாற்றைச் சொல்லும் உள்ளூர் வழிகாட்டி இன்னொருவர். வரலாற்றுச் சின்னங்களுக்குள் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி மட்டுமே விளக்கம் தரலாம் என்பது பல நாடுகளில் உள்ள விதி. சில நிறுவனங்கள் முழு நேர டூர் மேனேஜர் இல்லாமல், ஊருக்கு ஊர் ஆளை மாற்றி நடத்துகின்றன. அப்படியானால், இரவு பத்து மணிக்குத் தாயாருக்கு மூச்சுத் திணறினால் யாரை அழைப்பது? அந்த எண்ணைப் புறப்படும் முன்பே வாங்கி, கைப்பேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் சிறு பிழைக்கும் இடமில்லை. பல நாடுகள் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதோடு, கடவுச்சீட்டு கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். விசா முத்திரைக்கு வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விமான டிக்கெட்டில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தாயாரின் பெயரில் தலைப்பெழுத்தை விரித்து எழுதுவதும் சுருக்கி எழுதுவதும் குழப்பம் விளைவிக்கும், ஆகவே நிறுவனத்துக்குப் பெயரைத் தொலைபேசியில் சொல்லாமல் கடவுச்சீட்டின் நகலையே அனுப்புங்கள்.

விசாவில் பலரும் கவனிக்காதது, எத்தனை முறை நுழைய அனுமதி உண்டு என்பது. குரோஷியா 2023 ஜனவரியில் ஷெங்கன் வட்டத்தில் சேர்ந்துவிட்டது. அண்டை நாடான போஸ்னியா சேரவில்லை. குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகருக்கு வரும் குழுக்களைப் போஸ்னியாவிலுள்ள மோஸ்தார் பாலத்துக்கு ஒரு நாள் உலாவாக அழைத்துச் செல்வது வழக்கம். ஒருமுறை மட்டும் நுழையலாம் என்ற ஷெங்கன் விசா வைத்திருப்பவர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் மாலையில் தம் விடுதிக்குத் திரும்ப முடியாது, அவருடைய பெட்டி மட்டும் துப்ரோவ்னிக்கில் இருக்கும். பயணத் திட்டத்தில் எல்லை தாண்டும் இடங்கள் எல்லாவற்றையும் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்து, விசாவோடு ஒப்பிடுங்கள். சீனா போன்ற நாடுகள் குழு விசாவும் வழங்குகின்றன. ஒரே பட்டியலில் எல்லோருடைய பெயரும் இருக்கும், அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் சேர்ந்தே நுழைந்து சேர்ந்தே வெளியேற வேண்டும். அத்தகைய விசாவில் செல்லும் ஒருவர் நடுவில் அவசரமாகத் திரும்ப வேண்டியிருந்தால் அதற்குத் தனி நடைமுறை உண்டு. அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கடவுச்சீட்டின் முதல் பக்கம், விசா, காப்பீட்டுச் சான்று ஆகியவற்றின் நகலை உங்கள் பையில் ஒன்று, தாயாரின் பையில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என வையுங்கள். கூடவே இரண்டு பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள்: கடவுச்சீட்டு தொலைந்தால் காவல் நிலையப் புகாரை எடுத்துக்கொண்டு உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போகும்போது அவை இருந்தால் அரை நாள் மிச்சமாகும்.

இனி உங்கள் தாயாரைப் பற்றி. குழுச் சுற்றுலாவில் முதியோருக்குக் கடினமாக இருப்பது தொலைவைக் காட்டிலும் வேகம்தான் என்பது என் அனுபவம். தனியாகப் போனால் களைத்த இடத்தில் உட்காரலாம். குழுவில் வழிகாட்டியின் கொடி முன்னே போய்க்கொண்டே இருக்கும். பழைய ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் பெரிய பேருந்துகள் நகர மையத்துக்குள் நுழைய முடியாது. இறங்கிய இடத்திலிருந்து கல் பாவிய தெருக்களில் கால் மணி நேரமாவது நடக்க வேண்டியிருக்கும். ஆகவே புறப்படுவதற்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே இருவரும் நாள்தோறும் நடக்கத் தொடங்குங்கள். பயணத்தில் அணியப்போகும் அதே காலணியை அணிந்து, இடையிடையே படியேறி, சில நாள்கள் கையில் பையுடனும் நடந்து பாருங்கள். புதுக் காலணியை விமான நிலையத்தில் முதன்முதலாக அணிபவர்களின் குதிகாலில் இரண்டாம் நாளே கொப்புளம் வந்துவிடும். தாயாரால் ஒரு மணி நேரம் தொடர்ந்து நடக்க முடியவில்லை என்று தெரிந்தால், எந்தெந்த நாள்களில் அவர் பேருந்திலோ அருகிலுள்ள உணவகத்திலோ இருந்துகொள்ளலாம் என்று நிறுவனத்திடம் இப்போதே பேசுங்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டுமானால் 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

மருத்துவரை நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் பாருங்கள். சில தடுப்பூசிகளுக்கும் மாத்திரைகளுக்கும் அந்தக் கால இடைவெளி தேவை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகிறது. ஒரே பயணத்தில் இரண்டு ஆப்பிரிக்க நாடுகள் இருந்தால் இதில் கூடுதல் கவனம் தேவை: நேரடியாகத் தான்சானியாவுக்கு வந்தால் கேட்கப்படாத சான்று, நோய் அபாயம் உள்ள நாடாகப் பட்டியலிடப்பட்டிருக்கும் கென்யா வழியாக வந்தால் கேட்கப்படலாம். மலேரியா மாத்திரைகளிலும் வேறுபாடு உண்டு. அட்டோவாகுவோன்-புரோகுவானில் வகையைத் திரும்பிய பின் ஏழு நாள் தொடர வேண்டும். டாக்சிசைக்ளினை நான்கு வாரம் தொடர வேண்டும். ஊருக்கு வந்துவிட்டோமே என்று நிறுத்திவிடக் கூடாது.

உயரமான இடங்களுக்குப் போகும் பயணம் என்றால் அதற்கெனத் தனியாகத் திட்டமிடுங்கள். பெருவின் குஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலும் திபெத்தின் லாசா ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து விமானத்தில் நேரே போய் இறங்குபவர்களில் பலருக்கு அன்றிரவே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். வயதுக்கும் உடற்பயிற்சிக்கும் இதில் பெரிய தொடர்பில்லை. இளைஞர் படுத்துவிட, முதியவர் நடமாடுவதைப் பார்த்திருக்கிறேன். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டிச் செல்ல வேண்டும் என்பது மருத்துவர்கள் தரும் வழிகாட்டுதல். நல்ல நிறுவனங்கள் குஸ்கோவில் இறங்கியவுடன் குழுவைத் தாழ்வான புனிதப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்று தங்க வைத்துவிட்டு, பிறகு மேலே கொண்டுவருவது இதனால்தான்; அங்கிருந்து பார்க்கச் செல்லும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சு ஏறத்தாழ 2,430 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உங்கள் பயணத் திட்டத்தில் இந்த வரிசை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உயரத்தால் வரும் இந்த உபாதையைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர் என்றால் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைப் பயண நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கும் சேர்த்து எடுத்து, மருந்துக் கடை தந்த அட்டையிலும் பெட்டியிலுமே வைத்து, மருந்தின் வேதிப்பெயர் குறிப்பிட்ட மருத்துவரின் கடிதத்தோடு கைப்பையில் கொண்டு செல்லுங்கள். இன்சுலினைச் சரக்குப் பகுதிக்கு அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது; உறைந்து பயனற்றுப் போகக்கூடும். நம்மிடையே சாதாரணமாகப் புழங்கும் மருந்து அங்கே சட்ட விரோதமாக இருக்கலாம் என்பதை நம்பவே பலர் தயங்குகிறார்கள். சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டு செல்லத் தடை உண்டு. மருத்துவர் எழுதித் தந்த மருந்தையும் ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டு போவதானால் முன்னதாகச் சான்று பெற வேண்டும். டிராமடால், கோடீன் கலந்த வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி தேவை. சிங்கப்பூரில் சில தூக்க மாத்திரைகளுக்கும் அப்படியே. செல்லும் நாட்டின் தூதரக இணையதளத்தையோ சுகாதார அமைச்சகத்தின் பக்கத்தையோ பாருங்கள்; வழியில் விமானம் மாறும் நாட்டையும் விட்டுவிடாதீர்கள்.

காப்பீட்டைப் பற்றி நான் அழுத்திச் சொல்வது ஒன்றுண்டு: கட்டணத்தில் காப்பீடும் அடக்கம் என்று நிறுவனம் சொன்னால், அதன் விதிமுறை ஆவணத்தைக் கேட்டு வாங்கி முழுவதும் படியுங்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்பு வேண்டும் என்பதால், அந்தத் தொகையோடு நிறுத்திக்கொள்ளும் மலிவான காப்பீடுகள் உண்டு. தாயாருக்கு ஏற்கெனவே உள்ள இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் அதில் அடங்குகின்றனவா, அவற்றை அறிவித்திருக்கிறீர்களா? குழுவை விட்டு அவர் மருத்துவமனையில் தங்கினால் உடனிருக்கும் உங்களுடைய விடுதிச் செலவையும் புது விமான டிக்கெட்டையும் யார் தருவார்? மலையேற்றம் இருந்தால் எந்த உயரம் வரை பாதுகாப்பு? இந்த மூன்றுக்கும் ஆவணத்திலிருந்தே விடை கிடைக்க வேண்டும். முகவரின் வாய்மொழி போதாது. அறிவிக்காத நோயைக் காரணம் காட்டிக் கோரிக்கையை மறுப்பது எல்லா நாட்டுக் காப்பீட்டிலும் நடப்பது.

பணத்தில் சிக்கல் குறைவு. இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டுகளை இருவரும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள், சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் உள்ளூர்ப் பணம் எடுத்துச் செல்லுங்கள். கடையிலோ ஏடிஎம்மிலோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கலாமா" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்; மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாக இருக்கும். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ் தருவது எகிப்திலும் அமெரிக்காவிலும் எதிர்பார்க்கப்படுவது, ஜப்பானில் எதிர்பார்க்கப்படாதது. உங்கள் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டால் போதும்.

கைப்பேசிக்கு இ-சிம் அல்லது ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள், வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள். சீனாவில் கூகுளும் வாட்ஸ்அப்பும் உள்ளூர் இணைப்பில் இயங்காது என்பதால் அங்கே செல்பவர்கள் டூர் மேனேஜரோடு எந்தச் செயலியில் தொடர்புகொள்வது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. அதன் மின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை இருந்தால் தனி அனுமதி தேவையில்லை, வழக்கமான 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணிதான். ஆனால் 2025 ஜூன் 28 முதல் சீனாவின் உள்நாட்டு விமானங்களில், அந்நாட்டின் 3சி தர முத்திரை இல்லாத பவர் பேங்குகளை ஏற்பதில்லை. நிறுவனம் எடுத்துத் தந்த உள்நாட்டு விமான டிக்கெட் உங்கள் திட்டத்தில் இருந்தால், அந்த முத்திரை இல்லாத பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுக்க நேரும்.

பெட்டிகளைப் பொறுத்தவரை, யாருடைய உதவியுமின்றி நீங்களே இருபது படிகள் தூக்கிச் செல்ல முடிவதே சரியான எடை. வெனிஸ் நகருக்குள் பேருந்து வராது. குழுக்களைப் பெரும்பாலும் ட்ரொன்கெட்டோ தீவில் இறக்கிவிட்டு அங்கிருந்து படகில் அழைத்துச் செல்வார்கள். நகருக்குள் தங்குவதானால் பாலங்களின் படிகளில் பெட்டியை நீங்கள்தான் ஏற்றி இறக்க வேண்டும். பல சுற்றுலாக்களில் ஊர் மாறும் நாளன்று விடியற்காலையிலேயே பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். பணியாளர்கள் அவற்றைக் கொண்டு போய்ப் பேருந்தின் அடியில் அடுக்கிவிடுவார்கள். பிறகுதான் காலை உணவுக் கூடத்தில் ஒருவர் முகம் மாறுவார்: கடவுச்சீட்டும், காலை மாத்திரையும், சில சமயம் அன்று அணிய வேண்டிய காலணியும் அந்தப் பெட்டிக்குள் போயிருக்கும். நாற்பது பெட்டிகளுக்கு அடியில் இருப்பதை எடுக்க இருபது நிமிடம் ஆகும், அந்த இருபது நிமிடமும் எல்லோருடைய நேரம். ஆகவே முந்தைய இரவே மறுநாள் உடை, காலணி, மருந்துப் பை, ஆவணப் பை ஆகிய நான்கையும் நாற்காலியின் மேல் எடுத்து வைத்த பிறகே பெட்டியை மூடுங்கள். விமானத்தில் வந்த பெட்டி கிடைக்காமல் போனால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள கவுன்ட்டரில் எழுத்தில் புகார் பதிந்து அதன் எண்ணை வாங்குங்கள்; பெட்டி சேதமடைந்திருந்தால் ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்து சேர்ந்தால் 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும் என்று 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கை சொல்கிறது.

நேரந்தவறாமையைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் டூர் மேனேஜர் கண்டிப்பாக இருப்பதைப் பலர் சுபாவக் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். நாளொன்றுக்கு 9 மணி நேரமே ஓட்டலாம், வாரத்தில் இருமுறை மட்டும் 10 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். பணி முடிந்தபின் பொதுவாகத் தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வு வேண்டும். வண்டியில் உள்ள கருவி இதைப் பதிவு செய்துகொண்டே இருக்கும், காவலர் வழியில் நிறுத்திச் சோதிக்கலாம். காலையில் ஒருவர் அரை மணி நேரம் தாமதித்தால் மாலையில் ஓர் இடத்தைப் பார்க்காமலே விட நேர்வது இந்தச் சட்டத்தினால்தான். நுழைவு நேரம் அச்சிட்ட சீட்டுகள் உள்ள இடங்களில் அவகாசம் இன்னும் குறைவு.

செல்லும் நாட்டைப் பற்றி முன்பே படிப்பதைத் தயாரிப்பின் கடைசியில் வைக்காதீர்கள். வழிகாட்டி ஓர் இடத்தில் பத்து நிமிடத்தில் ஐந்நூறு ஆண்டு வரலாற்றைச் சொல்லிவிடுவார். அரச வம்சங்களின் வரிசையும் ஊர்களின் பெயரும் ஓரளவு தெரிந்தவருக்கே அது மனத்தில் நிற்கும், அவரால்தான் நல்ல கேள்வியும் கேட்க முடியும். வணக்கம், நன்றி, மன்னிக்கவும், தண்ணீர், கழிப்பறை, மருத்துவர் ஆகியவற்றுக்கான சொற்களை இருவரும் சேர்ந்து மனப்பாடம் செய்யுங்கள். எகிப்துக்குப் போவதானால் அங்கு புழங்கும் அரபு எண்களின் பத்து வடிவங்களையும் கற்றுக்கொள்ளுங்கள். விலைப் பலகையும் வாகன எண்ணும் அந்த எண்களில் இருக்கும், ஒரு மாலைப் பொழுது செலவிட்டால் வந்துவிடும். எதைப் படமெடுக்கக் கூடாது, எங்கே தலையையோ தோளையோ மறைக்க வேண்டும் என்பதையும் அதோடு தெரிந்துகொள்ளுங்கள்.

பிரிந்துபோனால் என்ன செய்வது என்பதைத் தாயாருடன் பேசி முடிவு செய்துவிடுங்கள். குழுவைக் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க வேண்டும், தேடி அலையக் கூடாது என்பதுதான் பொதுவான விதி. எண்ணிக்கை குறைவதைக் கண்டதும் டூர் மேனேஜர் அங்கேதான் திரும்பி வருவார். ஒவ்வொரு விடுதிக்குச் சென்றவுடனும் வரவேற்பு மேசையிலிருந்து உள்ளூர் எழுத்தில் முகவரி அச்சிட்ட அட்டையை இருவரும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; டாக்சி ஓட்டுநரிடம் நீட்ட அது போதும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119, காவல் துறைக்கு 110 என்பதுபோல அந்த நாட்டின் அவசர எண்ணை அட்டையின் பின்புறம் எழுதுங்கள். காவலரால் பிடித்து வைக்கப்படும் நிலை வந்தால், உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமையைத் தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது.

முதல் நாள் மாலை நடக்கும் அறிமுகக் கூட்டத்துக்குக் களைப்பாக இருந்தாலும் கட்டாயம் போங்கள். அது முடிந்ததும் டூர் மேனேஜரைத் தனியாகச் சந்தித்து, தாயாரின் நோய்கள், மருந்துகள், நடக்கும் திறன், உணவில் ஒவ்வாதவை ஆகியவற்றை எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுங்கள். எங்களுக்கு அது சுமை அன்று. மறைத்துவிட்டு நான்காம் நாள் மயங்கி விழும் பயணியைக் காட்டிலும், முதல் நாளே சொல்லிவிடும் பயணிக்கே எங்களால் உதவ முடியும், பேருந்தில் முன் இருக்கையையும் படியேறத் தேவையில்லாத அறையையும் கேட்டு வாங்கித் தர முடியும். அறையிலோ உணவிலோ வாக்களித்தபடி இல்லாத குறை எதுவாயினும் அன்றே அவரிடம் சொல்லி, குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் தொகுப்புச் சுற்றுலாக்களுக்கு, குறையைத் தாமதமின்றி நடத்துநருக்குத் தெரிவிப்பது பயணியின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் நெறிமுறையே சொல்கிறது. வேறு நாட்டில் வாங்கிய சுற்றுலாவிலும், ஊர் திரும்பிய பின் எழுதும் நீண்ட கடிதத்தைவிட அன்றே அனுப்பிய இரண்டு வரி வலுவான சான்றாகும், பல நேரங்களில் மறுநாள் காலைக்குள் குறையும் தீர்ந்துவிடும்.